கைவண்டிப் பாதையில் தம்பதியாக ஊழியம்: மார்ட்டின்ஸ் கோவுக்குக் கிளம்புமுன்

ஊழியம் முடிந்து டெக்சஸுக்குத் திரும்பி வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு ஜோடியாவது போன் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஐம்பத்தைந்து, அறுபது வயதுக்காரர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடன் முடிந்தது, "நாங்களும் போகலாமா, அங்கே நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள், குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசித் தொண்டை வற்றுவதற்குப் பதில் எழுதிவைத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எழுதுவது நான், சொல்வது மட்டும் அவர். ஊழியத்திலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

நான் சொல்லப்போவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மூத்த தம்பதி ஊழியத்தைப் பற்றி. வெள்ளைச் சட்டை, டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு தெருவில் நடக்கும் இளைஞர்களை எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற தம்பதிகளும் அதே பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு வரை சொந்தச் செலவில் போய் வேலை செய்கிறார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதில் ஒரு வகைதான் வரலாற்றுத் தலங்களில் செய்யும் ஊழியம். இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றங்கரை நாவூவுக்குப் போனால் 1840-களின் உடையைப் போட்டுக்கொண்டு கொல்லன் பட்டறையிலும் ரொட்டி அடுப்பிலும் நின்று கதை சொல்லலாம். நாங்கள் போனது வயோமிங்கில் இருக்கும் மார்ட்டின்ஸ் கோவ். அங்கே ஊர் இல்லை, தெரு இல்லை, பட்டறை இல்லை. காற்றும் பாறையும் ஒரு சின்ன ஆறும்தான்.

போகுமுன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு படிக்காமல் போனால் அங்கே முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள், அதனால் இதை முதலில் வைக்கிறேன். நாவூவிலிருந்து 1846 பிப்ரவரியில் விரட்டப்பட்டுக் கிளம்பிய சபை முன்னோடிகள் 1847 ஜூலையில் இன்றைய உட்டாவில் இருக்கும் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அப்புறம் பல வருடம் ஐரோப்பாவிலிருந்து, முக்கியமாக இங்கிலாந்திலிருந்து, சபையில் சேர்ந்த ஏழைக் குடும்பங்கள் வந்துகொண்டே இருந்தன. மாட்டுவண்டி வாங்கக் காசில்லாதவர்களுக்காக 1856-இல் கைவண்டித் திட்டம் வந்தது. அயோவா சிட்டி வரை ரயில். அங்கிருந்து சால்ட் லேக் வரை சுமார் 1,300 மைல், வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடை. ஆளுக்கு 17 பவுண்டு சாமான்தான் அனுமதி. நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ என்று கவுண்டரில் வாக்குவாதம் பண்ணுவோமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். துணி, போர்வை, பாத்திரம் எல்லாம் அதற்குள்.

அந்த வருடம் முதல் மூன்று குழுக்கள் செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் இடையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. பின்னால் வந்த இரண்டுதான் சிக்கின. ஜேம்ஸ் வில்லியின் தலைமையில் சுமார் ஐந்நூறு பேர், எட்வர்ட் மார்ட்டினின் தலைமையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். லிவர்பூலிலிருந்து கப்பல் தாமதம். அயோவாவில் வண்டி தயாராக இல்லாததால் மேலும் தாமதம். செய்த வண்டிகளோ ஈரம் காயாத மரத்தில், வறண்ட காற்றில் சக்கரம் சுருங்கிப் பிரிந்தது, அச்சு தேய்ந்தது. பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் அச்சில் தடவிக்கொண்டு போனார்கள். அக்டோபர் 17 வாக்கில் மார்ட்டின் குழு சுமையைக் குறைக்க 17 பவுண்டைப் 10 ஆக்கியது, போர்வைகளையும் கனத்த துணிகளையும் அங்கேயே விட்டார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 19 அன்று, நார்த் பிளாட் ஆற்றைக் கடைசியாகக் கடந்த அன்று, பனிப்புயல் பிடித்தது.

சால்ட் லேக்கில் அக்டோபர் தொடக்கத்தில் நடந்த சபை மாநாட்டுக்கு முந்தைய நாள்தான் இவர்கள் இன்னும் வழியிலேயே இருக்கிறார்கள் என்ற செய்தி அன்றைய சபைத் தலைவர் பிரிகம் யங்குக்குப் போயிற்று. மாநாட்டிலேயே வண்டி, மாவு, ஆட்கள் வேண்டும் என்று அவர் கேட்க, சில நாட்களில் மீட்புக்குழு கிளம்பியது. நவம்பர் 4 அன்று மார்ட்டின் குழு ஐஸ் மிதந்த ஸ்வீட்வாட்டர் ஆற்றைக் கடந்து பாறைகளுக்கு நடுவில் காற்று குறைந்த ஒரு மடிப்பில் ஒதுங்கியது. அதுதான் மார்ட்டின்ஸ் கோவ். 9-ஆம் தேதி வரை அங்கே கிடந்தார்கள். சால்ட் லேக்குக்குப் போய்ச் சேர்ந்தது நவம்பர் 30. இரண்டு குழுக்களிலும் சேர்த்து இருநூறுக்கும் மேல் இறந்தார்கள். மார்ட்டின்ஸ் கோவுக்குள் மட்டும் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு யாரிடமும் கிடையாது, பார்வையாளர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

விண்ணப்பம்

இந்தப் பகுதி சுலபம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உங்கள் பிஷப்பிடம், அதாவது உள்ளூர்ச் சபையின் தலைவரிடம், பேசுங்கள். கிளை என்று சொல்லும் சின்னச் சபையில் இருந்தால் கிளைத் தலைவரிடம். சபை உறுப்பினராக, ஆலயப் பரிந்துரை (ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு) உள்ளவராக இருக்க வேண்டும், வீட்டில் உங்களை நம்பி இருக்கிற சின்னப் பிள்ளைகள் இருக்கக் கூடாது. இணையத்தில் படிவம், டாக்டர், பல் டாக்டர் சான்று, பிஷப் நேர்காணல், அப்புறம் ஸ்டேக் (பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) தலைவர் நேர்காணல். எத்தனை மாதம் போக முடியும், எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று எழுத இடம் உண்டு. எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் எந்த இடம் என்பதைத் தலைமையகம்தான் முடிவு செய்யும், நீங்கள் நாவூ என்று எழுதி நெப்ராஸ்கா வரலாம். அழைப்புக் கடிதம் வந்ததும் ஸ்டேக் தலைவர் கை வைத்து ஊழியத்துக்குப் பிரித்தெடுப்பார், சில நாள் பயிற்சி, அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த நாடு என்பதில் விசா உட்பட எல்லாம் இருக்கிறது, வயோமிங்தான் வேண்டும் என்று மனசில் கோட்டை கட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

பல் டாக்டர் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் தள்ளிவைத்த ஒரு கடைவாய்ப் பல், ஜூலை மாதம், வருடத்திலேயே கூட்டம் அதிகமான வாரத்தில்தான் வேலையைக் காட்டியது.

பணம், உடம்பு, வண்டி

செலவு முழுக்க உங்களுடையது. வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, பெட்ரோல். பலர் வாடகையை யோசிக்கிறார்கள், எங்களை அடித்தது பெட்ரோல். பெரிய கடை, மருத்துவமனை எல்லாம் காஸ்பரில். அது வடகிழக்கே சுமார் 55 மைல், போய்வர 110 மைல். தினமும் போக மாட்டீர்கள், ஆனாலும் வாரம் ஒரு முறை என்றாலே மாதக் கடைசியில் தெரியும். பட்டியல் எழுதாமல் ஒருமுறைகூடப் போகாதீர்கள். வெங்காயம் மறந்து திரும்பி வந்த நாளில் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை எழுத முடியாது.

இடத்தின் உயரம் சுமார் 6,000 அடி. சென்னை, ஹூஸ்டன் மாதிரிக் கடலோர ஊர்களில் இருந்து போகிறவர்களுக்கு முதல் பத்து நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை கனக்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போகுமுன் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரைகள் மூன்று மாதத்துக்காவது கையில் இருக்கட்டும். உங்கள் காப்பீடு வேறு மாநிலத்தில் செல்லுமா என்பதைப் போன் செய்து கேட்டு, பேசியவர் பெயரோடு எழுதி வையுங்கள்.

காற்று. இதை எவ்வளவு சொன்னாலும் போகும்வரை புரியாது. சாய்ந்து நின்றால் தாங்கிப் பிடிக்கிற காற்று. கார்க் கதவைத் திறக்கும்போது ஒரு கை கதவிலேயே இருக்க வேண்டும். தொப்பிக்கு நாடா இல்லாவிட்டால் அந்தத் தொப்பியைப் பக்கத்து மாவட்டத்தில்தான் தேட வேண்டும். குளிர்காலத்தில் இதே காற்று பனியை ரோட்டில் வீசிப் பார்வையை மறைக்கும், நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். ஆகவே அக்டோபர் முதல் வண்டியில் போர்வை, தண்ணீர், மண்வாரி, கொஞ்சம் தின்பண்டம் எப்போதும் இருக்கட்டும். நாங்கள் சொந்த டிரெய்லரில் தங்கினோம். தண்ணீர்க் குழாயைச் சுற்றிச் சூடேற்றும் நாடா கட்டவில்லை என்றால் முதல் உறைபனி இரவிலேயே குழாய் வெடிக்கும். எங்களுக்கு வெடித்தது. தப்பு எங்களுடையதுதான், பக்கத்து டிரெய்லர் மாண்டானாக்காரர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

சமையலறை

நம்மவர்கள் போனில் பாதி நேரம் இதைத்தான் கேட்கிறார்கள், நானும் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் பல்லில் கடிபடும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள், இன்னொரு கேஸ்கெட்டும் எடுத்துப்போங்கள், அங்கே கிடைக்காது. ஊரில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து. சோறும் குக்கரில்தான். மாவு புளிக்க வேண்டுமானால் இரவில் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், அப்படியும் சில நாள் புளிக்காது, அன்றைக்குத் தோசை என்று பெயர் வைத்துச் சாப்பிட்டுவிட வேண்டியதுதான். புளி, பெருங்காயம், மிளகாய்ப்பொடி, சாம்பார்பொடி ஆறு மாதத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் வாங்க டென்வர் போகலாம் என்றால் ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம் வேண்டும். மற்றத் தம்பதிகளோடு சேர்ந்து சாப்பிடும் நாட்களில் ரசம் கொண்டுபோனால் சளி பிடித்தவர்கள் எல்லாரும் உங்கள் பக்கம் வந்து உட்காருவார்கள்.

நாள் எப்படிப் போகும்

இளைஞர் குழுக்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலை அலையாக வரும். நூறு, இருநூறு பேர். பெண் பிள்ளைகள் நீளப் பாவாடை, தலையில் துணித்தொப்பி, பையன்கள் கால்சட்டைக்கு நாடா. முன்னோர்கள் இழுத்த மாதிரி வண்டி இழுத்துப் பார்ப்பதுதான் அவர்களுக்கு நிகழ்ச்சி. வண்டிகள் இலவசம். கோவுக்குப் போய்ச் சுற்றிவரும் பாதை ஐந்து மைலுக்குக் கிட்ட.

உங்கள் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு வண்டியை எண்ணுவது, சக்கரம் ஆடுகிறதா பார்ப்பது, தண்ணீர் நிரப்புவது, கழிவறை கழுவுவது, வாகனம் நிறுத்த வழி காட்டுவது. கதை சொல்வது ஒரு பங்குதான். இதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. உட்டாவிலிருந்து வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் பெரிய வரலாற்றுச் சொற்பொழிவுகள் தயாரித்துக்கொண்டு வந்தவர், முதல் வாரம் முழுக்கக் குப்பைப் பை மாற்றினார். இரண்டாவது வாரம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்க முடியாதவர்களுக்கு இந்த ஊழியம் ரொம்ப நீளமாகத் தெரியும்.

வண்டி கொடுக்கும்போது இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும், அவர்கள் தலைவர் "சொல்லிட்டேன்" என்றாலும்: வண்டிமேல் யாரும் ஏறி உட்காரக் கூடாது, ஆரக்காலுக்குள் விரல் போகக் கூடாது, இறக்கத்தில் முன்னால் இழுப்பவரைவிடப் பின்னால் பிடித்து நிறுத்துபவர்தான் முக்கியம். வண்டி இறக்கத்தில் ஓடத் தொடங்கினால் முன்னால் நிற்கிற பிள்ளைதான் அடிபடும்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது இன்னொரு ஓயாத வேலை. நீளப் பாவாடையும் வெயிலும் உயரமும் சேர்ந்தால் காலையில் நன்றாக இருந்த பிள்ளை மதியம் வாந்தி எடுக்கும். "தாகம் இல்ல ஆன்ட்டி" என்பார்கள். நம்பாதீர்கள். சிறுநீர் என்ன நிறம் என்று கேளுங்கள், வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், அப்புறம் குடிப்பார்கள். மதியத்துக்கு மேல் மேகம் கறுத்து இடி கேட்டால் குழுவைத் திருப்புங்கள், அவர்கள் ஆயிரம் மைல் தாண்டி வந்திருந்தாலும் சரி. பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள், சலங்கைப் பாம்பு உண்டு. ஜூன், ஜூலையில் ஆற்றோரக் கொசு. கூவம் பார்த்த எனக்கே அது புதுசு.

குளிர்காலத்தில் கூட்டம் இல்லை. தண்ணீர்க் குழாய், பனி, பழுது, கணக்கு. சில நாள் ஒரே ஒரு கார் வரும். அந்த ஒரு காரில் வருகிறவர்களிடம்தான் நிதானமாகப் பேச முடியும், எனக்கு அந்த மாதங்கள்தான் அதிகம் பிடித்தன.

கதை சொல்வது

இதற்குத்தான் நான் இவ்வளவு எழுதவே உட்கார்ந்தேன்.

மார்ட்டின்ஸ் கோவ் பற்றி சபையில் எல்லோரும் கேட்டு வளர்ந்த ஒரு கதை உண்டு. மீட்புக்குழுவில் வந்த பதினெட்டு வயதுப் பையன்கள் மூன்று பேர் உறைபனி ஆற்றில் இறங்கி, கிட்டத்தட்டக் குழு முழுவதையும் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார்கள், அந்தக் குளிரின் விளைவாலேயே பின்னால் மூவரும் இறந்தார்கள் என்று. நான் இரண்டாவது வாரமே அந்த ஆற்றங்கரையில் நின்று இதைச் சொன்னேன், நன்றாகவும் சொன்னேன், ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழு நகர்ந்த பிறகு பின்னால் நின்ற ஒரு வயதான மனிதர் மெதுவாக வந்து, "சிஸ்டர், அங்கே மூன்று பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாருக்கும் பதினெட்டு இல்லை, நிறையப் பேர் தாங்களாகவே நடந்துதான் கடந்தார்கள், அந்தப் பையன்கள் பல வருடம் உயிரோடு இருந்தார்கள்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். எனக்குத்தான் காது சுட்டது. அன்று இரவு டிரெய்லரில் உட்கார்ந்து தேடினேன். அவர் சொன்னது சரி. வரலாற்றாசிரியர்கள் பல வருடங்களுக்கு முன்பே தினக்குறிப்புகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். டேவிட் கிம்பல், ஜார்ஜ் கிராண்ட், ஆலன் ஹண்டிங்டன் என்ற மூவரோடு ஸ்டீபன் டெய்லரின் பெயரும் வருகிறது. அவர்கள் பலரைத் தூக்கியது உண்மை. தண்ணீரில் ஐஸ் மிதந்தது உண்மை. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. கதையை இரண்டு நிமிடத்துக்குள் வையுங்கள். எங்கே நிற்கிறோமோ அந்த இடத்தில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எண் சொன்னால் "சுமார்" சேர்த்துச் சொல்லுங்கள். வந்தவர் ஒரு கதை சொல்லி அது தப்பென்று உங்களுக்குத் தெரிந்தாலும் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள், அந்தப் பெரியவர் எனக்குச் செய்த மாதிரி ஓரமாக. குரலை நடுங்கவைத்து அழவைக்கப் பார்க்காதீர்கள். காற்றில் பத்து நிமிடம் நின்றாலே அவர்களுக்குப் புரிந்துவிடும். கோவுக்குள் போகும்போது அதிகம் பேசக்கூட வேண்டாம்.

கஷ்டமான கேள்விகள் வரும். "இவ்வளவு தாமதமாக ஏன் கிளம்பவிட்டார்கள், யார் பொறுப்பு?" மழுப்பாதீர்கள். ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் ஃபுளோரன்ஸில் வில்லி குழு கூடி, போவதா குளிர்காலத்தைக் கழிப்பதா என்று பேசியபோது, லீவை சாவேஜ் என்பவர் இந்த நேரத்தில் கிளம்பினால் முதியவர்களும் குழந்தைகளும் சாவார்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தார். பெரும்பான்மை போகலாம் என்றது. அவரும் கூடவே போனார், கடைசிவரை உழைத்தார். இதை அப்படியே சொல்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு சாவேஜ்மேல் தனிப் பாசம், காரணம் வேறு: அவர் கல்கத்தா வழியாக பர்மாவுக்கு ஊழியத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பும் வழியில்தான் இந்தக் குழுவோடு சேர்ந்தார். அவரோடு 1853-இல் கல்கத்தா வந்து இறங்கியவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் நம் மதராஸுக்கு வந்தார். வயோமிங் வனாந்தரத்தில் மதராஸ் பெயரைக் கேட்டு நாங்கள் இருவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டோம்.

"முன்னோடிகள் எல்லோருமே கைவண்டிதானா?" என்றும் கேட்பார்கள். இல்லை. 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்கள், சுமார் மூவாயிரம் பேர். ரயில் வருவதற்குமுன் வந்த மொத்தக் கூட்டத்தில் அது சிறு பங்கு, பெரும்பாலோர் மாட்டுவண்டியில் வந்தவர்கள். "வெறும் காட்டு நிலமா இது?" என்றால் அதற்கும் இல்லை. ஷோஷோனி, அரபஹோ போன்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த, வேட்டையாடிய நிலம் இது. ஆரிகன், கலிபோர்னியா போனவர்களின் பாதைகளும் இதே ஆற்றோரமாகத்தான் போயின. கிழக்கே இண்டிபெண்டன்ஸ் பாறையில் அவர்கள் செதுக்கிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

எங்களைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, "நீங்கள் எப்படி இங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு. தப்பாகக் கேட்பவர் குறைவு. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. வில்லி குழுவில் எலிசபெத் சேவியர் டெய்ட் என்ற பெண் வந்தார், பம்பாயில் பிறந்தவர், இந்தியப் பெண். கணவர் அவருக்கு முன்பே போயிருந்தார். அவர் பெயரைச் சொன்னால் கேட்டவர் அமைதியாகிவிடுவார், அப்புறம் நாங்கள் எலிசபெத்தைப் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பார்வையாளர் மையம் இருக்கும், சன் என்ற குடும்பத்தின் பழைய பண்ணை நிலம் சபையுடையது, ஆனால் கோவ் இருக்கும் நிலம் கூட்டாட்சி அரசுடையது, சபை அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. எந்த மதத்தவரும், மதமே இல்லாதவரும் அங்கே வந்து நடக்க உரிமை உள்ளவர்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காதவரிடம் பிரசங்கம் ஆரம்பிக்காதீர்கள். நாய் கூட்டி வந்து நடந்துவிட்டுப் போன காஸ்பர்க்காரர் ஒருவர் மூன்றாவது முறை வந்தபோதுதான் முதல் கேள்வி கேட்டார்.

நீங்கள் இருவரும்

இருபத்துநாலு மணி நேரமும் சேர்ந்தே இருப்பீர்கள். முப்பது வருடம் அவர் அலுவலகத்துக்கும் நான் பள்ளிக்கணக்கு வேலைக்கும் போய்க்கொண்டிருந்ததால் எங்களுக்கு இது தெரியவே தெரியாது. அதிலும் எல்லோர் முன்னாலும் எல்டர், சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். "ஏங்க" என்று முப்பது வருடம் கூப்பிட்டவரைக் குடும்பப் பெயரோடு எல்டர் என்று கூப்பிடும்போது முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்பு, அவருக்கு எரிச்சல். கொஞ்ச நாளில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மாலையில் ஒரு மணி நேரம் அவர் வண்டிப் பட்டறையில், நான் ஆற்றோரம், யாரும் யாரையும் தேடக் கூடாது. போகுமுன் இதைப் பேசி வையுங்கள், அங்கே போய்ச் சண்டைக்கு நடுவில் பேசினால் ஒப்பந்தம் ஆகாது. யாருக்குக் கால் வலி, யாருக்கு வெயில் ஆகாது என்பதையும் ஒருங்கிணைப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம்மவர்கள் கேட்டதற்கெல்லாம் "பரவாயில்லை" என்று தலையாட்டி, பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம்.

பேரக்குழந்தைகளைப் பற்றி எல்லோரும் தயங்குகிறார்கள். மூத்த தம்பதிகளுக்கு வீட்டாரோடு பேசத் தடை இல்லை, தடை சிக்னல்தான். ஒரு நேரத்தை நிர்ணயித்து, சிக்னல் கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடித்து வையுங்கள். எங்களுக்கு அது ஒரு வேலிக்கம்பத்தின் பக்கத்தில். என் பேரன் பல நாள் வரை அந்தக் கம்பம்தான் பாட்டி வீடு என்று நினைத்திருந்தான்.

கிளம்பும்போது

கடைசி வாரத்தில் உங்களுக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதி அடுத்த தம்பதிக்கு வையுங்கள்: எந்த வண்டி இடது பக்கம் இழுக்கும், எந்தக் குழாய் முதலில் உறையும், எந்த வாரத்தில் பெரிய குழுக்கள், கொசு எந்தப் பக்கம் அதிகம். இப்படி யாரோ எழுதிய ஒரு பழைய நோட்டை நாங்கள் நான்காவது மாதத்தில்தான், குழாய் வெடித்த பிறகுதான், அலமாரி அடியில் கண்டெடுத்தோம். அதில் சூடேற்றும் நாடா பற்றி அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

எங்கள் நோட்டைச் சமையலறை மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தோம், பக்கத்தில் மிச்சமிருந்த அரை டப்பா மிளகாய்ப்பொடியையும். எங்களுக்குப் பின் வந்தது ஐடஹோக்காரத் தம்பதி. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். நோட்டு ரொம்ப உதவியாக இருக்கிறது, ஆனால் அந்தச் சிவப்புப் பொடி எந்தப் பூச்சிக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்றார்.